ஒழுகாத குழாய்

போன வருடம் மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். இருபது வருடமாகப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எனக்குத் தெரியாத எதைப் பிள்ளைகள் காட்டிவிடப் போகிறார்கள் என்ற நினைப்பும் என்னோடு கூடவே வந்திருந்தது.

கொழும்புத்துறை மாணவி ஒருத்தி கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்திருந்தாள். ரேடியோ அலைகளை வீசும் தொலைதூரக் கலக்ஸியின் நடுவில் ஒரு கருந்துளை. அங்கிருந்து தாரை பாய்ந்தால் சுற்றியுள்ள வாயுவுக்கு என்ன நடக்கும்? அதுதான் அவளுடைய கேள்வி. தாரைக்கு ஒரு மெல்லிய குழாய். வாயுவுக்குத் தண்ணீரில் கலந்த வெள்ளைத் தூள். மோட்டரைப் போட்டாள். தாரை நேரே பாய்ந்தது. தூளோ இரண்டு பக்கமும் ஒதுங்கிச் சுருண்டது.

நேரே போகும் தாரை பக்கத்தில் இருப்பதை ஏன் அசைக்கப் போகிறது? குழாய் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, அதை அவளிடமே சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை. குறைந்த புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். முதலாவதாக வருவது மட்டும்தான் மாகாணப் போட்டிக்குப் போகும்.

முடிவை ஒட்டியபின் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய தகப்பன் வந்தார். ஆழமில்லாத பரவைக்கடலில் தடி நட்டு வலை கட்டி மீன் பிடிப்பவர். அந்த வலைக்குக் களங்கட்டி என்று பெயர்.

"சேர், எஞ்சின் போட்டிலை பரவைக்கடலுக்கை போயிருக்கிறியளோ?"

"இல்லை."

"போட் நேரைதான் போகும். ஆனா சேறு ரெண்டு பக்கமும் கிளம்பி எங்கடை களங்கட்டிக்கை வந்து ஏறும். உதாலை கரையிலை எந்த நாளும் சண்டை. அதைப் பாத்துத்தான் பிள்ளை உதைச் செய்தவள். இப்ப வெளியிலை அழுதுகொண்டு நிக்கிறாள். குழாய் ஒழுகேல்லை சேர்."

போய்க் குழாயை வெளியே எடுத்து, மோட்டரைப் போட்டு, நுனியைப் பெருவிரலால் அடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் கசியவில்லை. கைபேசியில் தேடினேன். உண்மையான கலக்ஸிகளில் தாரைகள் வாயுவை ஒதுக்கிப் பெருங்குமிழ்களை ஊதியிருந்தன. ஒதுங்கிய வாயு ஓரத்தில் குவிந்து கிடந்தது. சூடேறிய வாயுவில் புதிய விண்மீன்கள் பிறப்பது தடைப்படுமாம். சில இடங்களில் வாயு நெரிபட்டு, அங்கேயே பிறக்குமாம்! படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளிடம் எவ்வளவு கேட்டிருக்கலாம்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஒலிவாங்கியை வாங்கி, "நான் பிழை விட்டிட்டன்" என்றேன். மூன்று நடுவர்களும் மறுபடி பார்த்தோம். பட்டியல் மாறியது, அவள் தெரிவானாள். தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் முதலிடம் கிடைத்ததென்று வீட்டுக்கு அழைத்துச் சொல்லிவிட்ட இன்னொரு பிள்ளை மூலையில் நின்று விம்மியது. மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டியது, என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நிமிடம் நின்று கேட்காததால் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளை அழவைத்துவிட்டேனே என்று மனம் இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது.