சுவரில் இறங்கிய எண்ணெய்க் கறை

பெயிண்டர் அண்ணன் சுரண்டிப் பார்த்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், இரண்டு கோட்டிங்கும் அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால் கறை பழையபடி மேலே வந்து நிற்கிறது. “தேங்கா எண்ணெயாட்டம் இருக்குதுங்க. தலை வெச்ச கறைதான். ஆனா இந்த ஒசரத்துல ஆருங்க தலை வெச்சாங்க?” என்றார். நியாயமான கேள்வி. நிற்கிறவர் தலை அந்தக் கறுத்த இடத்துக்கு மேலே போய்விடும். தரையில் உட்கார்ந்தவர் தலை அதற்கு எட்டாது. நாற்காலி போட்டால் சரியாக வரும். எங்கள் லைன் வீட்டில் அந்த நாளில் நாற்காலி ஏது? அதுவும் அது வட்டமான கறை அல்ல. ஆள் உயரத்தில் மெல்லிய கோடாகத் தொடங்கி, இறங்க இறங்கக் கறுத்து, என் நெஞ்சு உயரத்தில் வந்து அடர்ந்து நிற்கும்.

அது என் அக்காவின் தலை. அவள் முட்டி தேறத் தேற அந்தத் தலை சுவரில் கீழே இறங்கியது.

அக்கா கபடி ஆடுகிறவள். ஓரத்தில் நின்று, பாடி வருகிறவளின் காலைப் பிடிப்பதுதான் அவள் வேலை. அவள் பிடித்த பிடியிலிருந்து நழுவிப் போனவர்களை எங்கள் பக்கத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். நான் ஓவர்லாக் டெய்லர், அவள் செக்கிங். ஊத்துக்குளிப் பக்கம் நடந்த ஒரு போட்டியில் அவள் வலது முட்டி திரும்பிவிட்டது. சவ்வு கிழிந்திருக்கிறது, ஆட்டத்தை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். யாரிடம் போய் என்ன சொல்கிறார்! அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கப் போவதாகத் தகவல் வந்திருந்த நேரம் அது. தேர்வானால் வேலை, கடைசி வரைக்கும் ஆட்டம். வயது வரம்பின்படி அக்காவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அப்பாவும் கறாராகச் சொல்லிவிட்டார்: “இந்த ஒருக்காதான் சாமி. இது அமையலீன்னா அவிநாசிபாளையத்து மாப்பிளைக்குச் சரின்னு சொல்லிப்போடோணும். அப்பறம் கபடி கிபடின்னு பேசப்படாது.” அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “சரீங்ப்பா” என்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்த பி.டி. டீச்சர் வீடு தேடி வந்தார். முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓடவும் குதிக்கவும் கூடாது என்றார். பிறகு எப்படி? அசையாத பொருளைத் தள்ளு, அசையாத பொருளை இழு, சதை இறுகட்டும், மூட்டு அசைய வேண்டாம் என்றார். ஐசோமெட்ரிக் என்று அதற்குப் பெயராம். கால்பிடிக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை, பிடித்தபின் அசையாமல் நிற்பதுதானே உன் ஆட்டம் என்றார். முதலில் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னார். வலி குறைந்ததும், சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நிற்கச் சொன்னார். காலையில் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கும்வரை அக்கா அந்தச் சுவரில்தான் கிடந்தாள். தொடை வெடவெடவென்று நடுங்கும். எண்ணெய் தேய்த்த தலை சுவரில் அழுந்தியிருக்கும். அம்மா சட்னி அரைத்துக்கொண்டே, “புள்ளை சுவத்தோட ஒட்டிப்போயிருமாட்ட இருக்குது” என்று புலம்புவாள்.

கம்பெனியிலும் விடவில்லை. கட்டிங் வேஸ்ட் துணியைக் கயிறாகத் திரித்துத் தூணில் கட்டி இழுத்தாள். டீச்சரிடம் பெருமையாகச் சொல்லப் போக, “பனியன் துணி நீளுமே கண்ணு! அசையாததுன்னா நீளாததும்தான்” என்று திட்டு வாங்கினாள். திருப்பூர்க்காரிக்கு வேறு என்ன கயிறு தோன்றும்? அப்புறம் பேல் மூட்டை கட்டும் கயிற்றுக்கு மாறினாள். சாப்பாட்டு நேரத்தில் தூணை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு நிற்பாள். சூப்பர்வைசர், “ஏம்மா, நீ உட்டா தூணு ஓடிப்போயிருமா?” என்று கேட்டுவிட்டுப் போவார். ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண், அது ஏதோ எங்கள் ஊர்ச் சாமி என்று நினைத்துத் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. அந்தத் தூணைத் தவிர அவளுக்குப் பிடிக்க வேறொன்றும் இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் டீச்சருக்கும் அவளுக்கும் ஓயாத சண்டை. பலம் கொடுக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, விட்டு விட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் தாறுமாறாகி மயக்கம் வரும் என்று டீச்சர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அக்காவால் முடியவில்லை. பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். மெஷினில் அடைந்த பஞ்சுத் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி விரட்டுவார்கள். அந்த ‘புஸ்’ சத்தம் கேட்டதுமே ஹால் மொத்தமும் வாயை இறுக மூடி, கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பதினைந்து வயதில் கம்பெனிக்குள் நுழைந்தவளுக்கு அது உடம்போடு சேர்ந்துவிட்டது. எது கஷ்டமோ அதற்கு வாயை மூடிக்கொள். சுவரில் இறங்கினாலும் அதே முகம், தூணைத் தள்ளினாலும் அதே முகம். “மூச்சு உடுக்கா, மூச்சு உடுக்கா” என்று நான் பக்கத்தில் நின்று கத்துவேன். சொன்னதும் விடுவாள். சொல்லாவிட்டால் மறந்துவிடுவாள்.

தேர்வு கோயமுத்தூரில். லீவு போட்டுவிட்டு நானும் டீச்சரும் கூடப் போனோம். முட்டி தாங்குமா என்ற ஒரே பயம்தான் எங்களுக்கு. வேண்டாத சாமி இல்லை. முட்டி தாங்கியது. அடேயப்பா, என்ன ஆட்டம் ஆடினாள்! தேர்வாளர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். கடைசி ஆட்டத்தில் நெட்டையாக ஒருத்தி பாடி வந்தாள். அக்கா பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். அவள் நடுக்கோட்டைப் பார்த்து இழுத்தாள், அக்கா ஊன்றி நின்றாள். ஒரு அங்குலம் நகரவில்லை. அன்றைக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்த அணி. மற்றவர்கள் வந்து சேர்ந்து பிடிப்பதற்குள் நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாய் இறுக மூடியிருந்தது, கண் சுருங்கியிருந்தது. கம்ப்ரஸர் முகம். “மூச்சு உடு! மூச்சு உடு!” என்று டீச்சரும் நானும் தொண்டை கிழியக் கத்தினோம். அந்தக் கூச்சலில் யாருக்கு என்ன கேட்கும்? அக்காவின் முகம் கறுத்தது. அப்புறம் கை தானாகத் தளர்ந்தது. பிடிபட்டவள் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், பதறி ஓடிவந்து அக்காவின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஆடும்போதே மயங்கி விழுகிறவளை எப்படி எடுப்பது என்றார்கள். டீச்சர் மன்றாடினார், விளக்கினார், கடைசியில் அழுதே விட்டார். அக்கா அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்: “கோட்டுக்கு எத்தன தூரம் இருந்துச்சு கண்ணு?” ஒரு முழம் என்றேன். தலையாட்டிக்கொண்டாள். கல்யாணத்திலும் அழவில்லை. அவிநாசிபாளையம் போனாள், அங்கிருந்தே வேறொரு கம்பெனிக்குச் செக்கிங் போனாள், இன்றைக்கும் போகிறாள். மாமா நல்லவர்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கபடி என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும், யார்மேல் என்றுதான் தெரியாது.

பெயிண்டர் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அக்கா அம்மாவைப் பார்க்க வந்தாள். வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாண்ணா” என்று சொல்லிவிட்டு, முதுகைச் சுவரில் கொடுத்து இறங்கினாள். வலது முட்டியில் நெறுக்கென்று சத்தம் கேட்டது. தலை சரியாக அந்தக் கறுத்த இடத்தில் போய் நின்றது. தொடை நடுங்கியது. வாய் மூடியிருந்தது, கண் சுருங்கியிருந்தது. பெயிண்டர் பிரஷ்ஷும் கையுமாக என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூச்சு உடுக்கா!” என்று கத்தினேன்.

வாய் திறந்தது. வந்தது அழுகை. அப்படி ஒரு அழுகையை இந்த லைன் வீடு கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள், பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அக்கா எழுந்திருக்கவில்லை, இல்லாத அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன பிடி அது! விரல் நொறுங்கிவிடும் போலிருந்தது. “நானா உடலீ கண்ணு. அவ காலை நானா உடவே இல்லை” என்றாள். தெரியும்க்கா, தெரியும்க்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் போன பிறகு பார்த்தேன். புது பெயிண்டின்மேல் புது எண்ணெய் பளபளத்தது. மூன்றாவது கோட்டிங் அடிக்கட்டுங்களா என்று பெயிண்டர் அண்ணன் கேட்டார். அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், வீட்டு ஓனரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அவரை அடுத்த சுவருக்கு அனுப்பினேன்.