குள்ளன் போடாத பந்து

1968-ல் கடலூர் முதுநகரில் டெலிவிஷன் பெட்டி வைத்திருந்தவர் நூருல் அமீன் பாய் ஒருவர்தான். அதில் படம் வராது. அதற்காக அவரைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. மெட்ராஸில் பெட்டி வைத்திருந்தாலும் வந்திருக்காது. டில்லியில் மட்டும்தான் அப்போது வந்துகொண்டிருந்தது.

பாய் பதினேழு வருஷம் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் துரைக்குச் சமைத்துப் போட்டவர். துரை சீமைக்குத் திரும்பியபோது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாராம். கடிகாரம், கோட்டு, சைக்கிள் எது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். பாய் கூடத்தில் இருந்த பெட்டியைக் காட்டினார். நாகப்பட்டினம் துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது ரேடியோவா, பீரோவா?" என்று கேட்டாராம்.

பெட்டியைக் கொண்டுவந்ததில் பாய்க்கு ஒரு கணக்கு இருந்தது. சிங்கப்பூரில் இருந்தபோது ஜொகூர்ப் பக்கத்திலிருந்தும் படம் வருமாம். "நடுவுல கடல் இருக்குதுல்ல தம்பி? அந்தத் தண்ணியத் தாண்டுது. இந்தத் தண்ணியத் தாண்டாதா?" என்றார் என்னிடம். கொல்லையில் இரண்டு சவுக்கு மரத்தை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டி, உச்சியில் ஏரியலை வைத்து, அதன் முகத்தைச் சிங்கப்பூர் பக்கம் திருப்பியிருந்தார்.

நான் அந்த வருஷம்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள். இது ஜொகூர்த் தண்ணி இல்லை, வங்காள விரிகுடா, அலை அவ்வளவு தூரம் வளைந்து வராது என்று பாடம் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ டெலிவிஷன் பாத்திருக்கியா தம்பி?" என்றார்.

"இல்லை."

"அப்ப சரி" என்றார்.

டெலிவிஷன் பெட்டிக்குள் படம் வரைகிற கேதோடு கதிரைப் பற்றி பத்து மார்க்குக் கேள்விக்கு நாலு பக்கம் எழுதியவன் நான். படம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். படம் வரும்போது மனுஷனுக்கு என்ன ஆகிறது என்று ஒரு சமையற்காரருக்குத்தான் தெரிந்திருந்தது. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, ரயிலடிக்குப் பக்கத்தில் பொன்னுரங்கம் டீக்கடையில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த எனக்கு, இந்த வித்தியாசத்தை யோசிக்க நிறைய நேரம் இருந்தது.

பாயும் அங்கேதான் வருவார். வந்தால் கோல்ப் பேச்சுதான். பெட்டியில் எத்தனையோ காட்டியிருப்பார்கள், சண்டை, பாட்டு, குதிரை. அவருக்கு அதெல்லாம் ஒட்டவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் துரை பார்க்கும் கோல்ப் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"கோலி மாதிரியா பாய்?" என்பார் பொன்னுரங்கம், டீயை ஆற்றிக்கொண்டே.

"கோலிதான். ஆனா குழி கால் மைலு தள்ளி இருக்கும்."

"அவ்ளோ தூரம் எப்படியும் நடந்துதானே போறானுவோ? பந்தைக் கையில எடுத்துனு போயி குழியில போட்டுட்டு வரவேண்டியதுதானே?"

"போடலாம். ஆனா போட மாட்டாங்க. அதுதான் ஆட்டம்."

"அதுல பாக்கறதுக்கு என்னா பாய் இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது பொன்னுரங்கம். அதான் விசேசம். எல்லாரும் நடப்பாங்க. அடிச்சவன் நடப்பான், அடிக்காதவனும் நடப்பான். மரம் நிக்கும். பேசறவன் மெதுவாப் பேசுவான், பக்கத்து ஊட்டுல மய்யத்தக் கெடத்தி வச்சிருக்கிற மாதிரி. பச்சைப் பசேல்னு புல்லு…"

"கறுப்பு வெள்ளைப் பொட்டின்னு சொன்னீங்களே?"

"பச்சைன்னு துரை சொன்னாரு."

டீக்கடை சிரிக்கும். பாய் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். துரைசானிக்கு கோல்ப் பிடிக்காது, சனிக்கிழமை வெளியே போய்விடுவாள். துரை தனியாக இருப்பார். முதல் மாசம் பாய் தட்டோடு பின்னால் நின்று பார்த்தார். இரண்டாம் மாசம் துரை நாற்காலியைக் காட்டினார். முந்நூறு பேரை வேலை வாங்குகிற மனுஷன், பந்து குழி ஓரத்தில் நின்றால் கைக்குட்டையைக் கடிப்பாராம். "அவரு வாய்விட்டுக் கத்தினாலும் பந்து கேக்காது. நான் கத்தினாலும் கேக்காது. அந்த ஒரு மணி நேரம் துரையும் நானும் ஒண்ணுதான் தம்பி. ரெண்டு பேராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

இதைக் கேட்ட அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் யாருடனாவது அப்படிச் சமமாக உட்கார்ந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்தேன். அங்கேயும் ஸ்பூன் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் தனி பெஞ்சு.

பாய் சொல்வதில் ஒரே ஒரு ஆட்டம்தான் முழு ஆட்டம். ஒரு நெட்டையன், ஒரு குள்ளன். துரை குள்ளன் கட்சி. கடைசிக் குழி. குள்ளனுக்கு இரண்டு முழம்தான் பாக்கி, தட்டினால் ஜெயம். தட்டுகிறான். பந்து உருண்டு போய், சொம்பு வாய் அகலக் குழியின் விளிம்பில், ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிடுகிறது. குள்ளன் தோற்றான். துரை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பாயும் சாப்பிடவில்லை.

நானே இதைப் பதினோரு தடவை கேட்டிருக்கிறேன். "இன்னிக்காவது உள்ள தள்ளிவுடுங்க பாய், புண்ணியமாப் போவும். டீ என் கணக்கு" என்று பொன்னுரங்கம் கெஞ்சுவார். பாய் தலையை ஆட்டுவார். பந்து விளிம்பிலேயே நிற்கும்.

இந்த நிலைமையில்தான் சிதம்பரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மேலவீதியில் துணிக்கடை வைத்திருந்த சேக் பரீது, தன் மகனுக்கு பாயின் மகள் ரசியாவைக் கேட்டார். ரசியா அந்தப் பையனைப் பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தாள். பார்த்த நாள் முதல் வீட்டில் சட்டி பானை உடையாமல் இருக்கிறது என்று அவள் அம்மா சலீமா பீவி சொன்னதாகக் கேள்வி.

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் யாரோ சேக் பரீதிடம் போய், "கடலூர் அமீனா? பொட்டிக்குள்ள வெள்ளைக்காரன் நடக்கிறான்னு சொல்லிக்கிட்டுத் திரியிற கப்சா ஆளாச்சே" என்று சொல்லிவிட்டார்கள். சேக் பரீது கப்சாவில் ஏற்கெனவே அடிபட்டவர். அவருடைய மூத்த பெண்ணைக் கட்டியவர்கள், பினாங்கில் சொந்தக் கடை என்று சொல்லித்தான் கட்டினார்கள். விசாரித்தால் அந்தக் கடையில் மாப்பிள்ளை பொட்டலம் மடிப்பவர். அதனால் சேக் பரீது சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருகிறேன், பெட்டியைப் பார்க்கிறேன், பார்த்த பிறகு பேசுவோம்.

வியாழக்கிழமை பாய் வீட்டில் எல்லாரும் சேர்ந்து அவருக்குப் பாடம் நடத்தினோம். பெட்டியின் மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பாய் அடிக்கடி போட்டுப் பார்ப்பதால் பெட்டி எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்கும்.

"படம் வராதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் பொன்னுரங்கம். "நீங்க கதையச் சொல்லுங்க பாய். நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா கடைசில குள்ளன் பந்தைப் போட்டுடணும். தோத்த கதையச் சொல்லிப் பொண்ணு குடுக்க முடியாது."

"மனுசன் சந்தோசமா எந்திரிச்சுப் போவணும்ங்க" என்றார் சலீமா பீவி. "போட்டுட்டான்னு சொல்லித் தொலைங்களேன். அந்தக் குள்ளன் என்னா நம்ம மச்சானா?"

நானும், "ஒரு விரற்கடைதானே பாய்" என்றேன். படித்தவன் சொல்லக்கூடிய யோசனையா இது என்று அப்போதே உறுத்தியது. உறுத்தலோடுதான் சொன்னேன்.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ரசியாவின் குரல் வந்தது. "அத்தா, ஒங்க குள்ளனுக்காக நான் குமரா நிக்கணுமா?"

பாய் பூனையின் முதுகைத் தடவினார். பிறகு "சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை சேக் பரீது வந்தபோது நானும் பொன்னுரங்கமும் கூடத்தில் இருந்தோம். கனத்த மனிதர், அத்தர் வாசனை, முகத்தில் சிரிப்பு கிடையாது. பாய் பூனையை இறக்கிவிட்டுக் குமிழைத் திருகினார். பெட்டி சூடேறி, நடுவில் ஒரு புள்ளி தோன்றி, அது விரிந்து, கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொரி பொரிந்தது. வாணலியில் மீன் போட்ட மாதிரி சத்தம்.

"தம்பி படிச்சவராமே" என்று சேக் பரீது என்னிடம் திரும்பினார். "இதுல படம் வருமா, வராதா?"

நான் அலை, தூரம், பூமியின் வளைவு, காற்றுமண்டல நிலைமை என்று ஒரு பெரிய வாக்கியம் சொன்னேன். அதற்குள் வரும் என்பதும் இல்லை, வராது என்பதும் இல்லை. மூன்று வருஷப் படிப்பு அந்த வாக்கியத்துக்குத்தான் பயன்பட்டது.

"வராது மச்சான்" என்றார் பாய். "தம்பி எங்கிட்ட முன்னாடியே சொல்லிடுச்சு. நாந்தான் கேக்கல."

"அப்ப என்னாத்த பாக்க என்னெ வரச் சொன்னீங்க?"

"நீங்களாத்தான் வரேன்னீங்க மச்சான். ஒக்காருங்க. வந்தா எப்படி இருக்கும்னு சொல்றேன்."

அவர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த மெதுவான குரலில் ஆரம்பித்தார். புல் வந்தது, மரம் வந்தது, நெட்டையன் நடந்தான். சேக் பரீது முதலில் மேல்துண்டால் விசிறிக்கொண்டார். பிறகு, "அவ்ளோ தூரம் நடந்தா கால் வலிக்காதா?" என்று கேட்டார். "குச்சிய எவன் தூக்குறான்?" என்று கேட்டார். பத்து நிமிஷத்தில் விசிறுவது நின்றுவிட்டது. இருபது நிமிஷத்தில் அவரும் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார். கண்ணாடியில் அந்த வெள்ளைப் பொரியையே பார்த்துக்கொண்டு, "குள்ளன் எங்க, இதுவா?" என்று விரலை நீட்டினார்.

"அதான் மச்சான்."

கடைசிக் குழி. இரண்டு முழம். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. பொன்னுரங்கம் என் தொடையைப் பிடித்துக் கிள்ளினார். சேக் பரீதின் மேல்துண்டு நுனி அவர் பல்லில் இருந்தது.

"தட்டிட்டான்" என்றார் பாய். "உருளுது. நேராத்தான் போவுது. போவுது. இந்தா, குழிகிட்ட…"

அங்கே நிறுத்தினார். அந்த நேரத்தில் அவர் எங்களை யாரையும் பார்க்கவில்லை.

"நின்னுடுச்சு மச்சான்" என்றார். "ஒரு விரக்கடை."

திரைக்குப் பின்னால் சலீமா பீவி, "அல்லாவே!" என்றார். பொன்னுரங்கம் எழுந்து வெளியே போய்விட்டார்.

சேக் பரீதுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாய்யா நின்னுடுச்சு? பொட்டில ஒரு மண்ணும் தெரியல. பந்து ஒங்க வாயிலதானே கெடக்கு? உள்ள தள்ளினா என்னா?"

"அன்னிக்கு அவன் போடல மச்சான்."

"சிங்கப்பூருல போடாதது இங்க எவனுக்குத் தெரியப் போவுது? போட்டான்னா போட்டான். யாரு வந்து கேப்பா?"

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் பாய், பரிதாபமாக. "ஊட்லயும் போட்டுடச் சொன்னாங்க. சரின்னுதான் சொன்னேன். கிட்டப் போனதும் முடியல. நான் பாத்தேனே."

பெட்டி பொரிந்துகொண்டே இருந்தது. சேக் பரீது அதைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். மேல்துண்டின் ஈர நுனியை உதறித் தோளில் போட்டார்.

"இத மொதல்ல நிறுத்துங்க, காதெல்லாம் வலிக்குது" என்றார். பிறகு திரையைப் பார்த்து, "தங்கச்சி, சாயா போடுங்க. இனிப்பு ஜாஸ்தியாப் போடுங்க. தேதி பேசணும்" என்றார்.

கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. சீர் வரிசையில் அந்தப் பெட்டி மட்டும் வேண்டாம் என்று சேக் பரீது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விருந்துக்கு பாய்க்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. எதிர் வரிசையில் சேக் பரீது நின்றுகொண்டு, பரங்கிப்பேட்டை ஆட்களுக்கு கோல்ப் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவான குரல்தான். கையில் வாளிக் கரண்டி.

"…ரெண்டு முழம். தட்டுறான் குள்ளன். உருளுது, உருளுது, டொபுக்குன்னு உள்ள!"

கூட்டம் கை தட்டியது. பாய் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்ப வைத்தார். "மச்சான்" என்று எழுந்திருக்கப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சேக் பரீது அதைக் கவனித்துவிட்டு வந்து, கரண்டி நிறைய கறியை அவர் முன்னால் கொட்டினார்.

"ஒங்க பொட்டில போடல சம்பந்தி. எங்க ஊட்டுல போட்டுட்டான். சாப்புடுங்க."

பாய் கறியைச் சோற்றோடு பிசைந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, காதோடு சொன்னார்: "விளிம்புல நின்னுது தம்பி."

"தெரியும் பாய், நானும்தான் பார்த்தேன்" என்றேன். நான் எங்கே பார்த்தேன், கேட்டதுதானே என்பது சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது.