சுளுக்கு இல்லை என்றாள்

முதலில் கைவிட்டது சட்டைப் பொத்தான். வலது கை விரல்களுக்கு அது பிடிபடவே இல்லை. கழுத்திலும் ஒரு மரமரப்பு. சுளுக்கு என்று நினைத்தேன்.

நான் ரக்பி ஆடிச் சம்பளம் வாங்கியவன். பட்டினப்பாக்கத்தில் இதைச் சொன்னால் “கபடியா?” என்பார்கள். பதினொரு வருடம் முன்வரிசையில் நின்றேன். ஸ்க்ரம் (எட்டுப் பேர் குனிந்து பிணைந்து எதிரணி எட்டுப் பேரை முட்டித் தள்ளுவது) போட்டால் மொத்தப் பாரமும் இறங்குவது என் கழுத்தில்தான்.

என் மனைவி ஸ்டெல்லா கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விடும் என்பது எங்கள் குப்பத்து நம்பிக்கை. மீன் கூடை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட பெண்கள் அவளைத் தேடி வருவார்கள். அன்று நானும் தரையில் குப்புறப் படுத்தேன். கழுத்தடியில் பாதத்தை வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள்.

“இன்னாத்துக்கு எடுத்த?”

“சுளுக்குன்னா கால் பட்டதுமே கத்துவாங்க. உனக்கு வலிக்கவே இல்ல. இது சுளுக்கு இல்லய்யா. நான் மிதிக்க மாட்டேன், டாக்டராண்ட போ.”

“பெரிய டாக்டரு இவ!” என்று கத்திவிட்டு அணி மேலாளருக்குப் போன் போட்டேன்.

“சுளுக்குதான் மச்சி. டேப் ஒட்டிக்கினு ஆடு. சனிக்கிழம நீ இல்லன்னா முன்வரிசையே கெடயாது” என்றான்.

அவன் பேச்சைக் கேட்டேன். எழுதும்போதே வயிறு எரிகிறது.

மூன்றாவது ஸ்க்ரம் கலைந்து எழுந்தபோது வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. “ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் எடு” என்று மேலாளர் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அதை வாங்கக் கை எழவில்லை. மருத்துவமனைப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தேனாம்பேட்டை மருத்துவமனையில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். டிஸ்க் (கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்தது.

“யாராவது மிதிச்சாங்களா?”

“கால் வெச்சேன், மிதிக்கல” என்றாள் ஸ்டெல்லா.

“நல்லவேளை. மிதிச்சிருந்தா கை கால் எல்லாமே போயிருக்கலாம்.”

“எப்ப ஆடலாம்?” என்றேன்.

“ஆட்டம் முடிஞ்சுது. கைக்கு உணர்ச்சி திரும்புதான்னு பார்ப்போம்.”

அறுவை சிகிச்சையில் தகடு வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளோடு “எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றார்கள். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அப்படிச் சொல்பவரை வாசலோடு அனுப்புங்கள். ஆப்பிளை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் ஸ்டெல்லா என் உள்ளங்கையைக் கால் கட்டைவிரலால் அழுத்துவாள். “வலிக்குதா?” இல்லை. ஐந்து மாதம் இதே பதில். ஒரு நாள், “ஐயோ, எடுடி காலை!” என்று அலறினேன். அவள் எடுக்கவில்லை. “கத்துய்யா, இன்னும் கத்து” என்று அழுதாள்.

எண்பது நிமிடத்தில் ஓர் ஆட்டத்தை முடித்தவன் நான். இப்போது ஒரு சட்டை போடக் கால் மணி நேரம் ஆகிறது. பொத்தான் போட ஸ்டெல்லா கை நீட்டினால் எரிந்து விழுகிறேன்.

போன வாரம் மேலாளர் கூப்பிட்டான். “இன்னா மச்சி, சுளுக்கு வுட்டுச்சா?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா குனிந்து சொன்னாள்: “நீ இங்க வா நைனா. உனக்கு நான் மிதிச்சி வுடுறேன்.”

போனை நான்தான் அணைத்தேன், வலது கை விரலால். இரண்டு முறை தவறியது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.