நடுச்சுவரில் மூன்று தட்டு

மழை பெய்தால் எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. தகரக் கூரை. தெரணியகலைப் பக்கத்து மழையோ வந்தால் லேசில் போகாது. எனக்குச் சினிமாப் பைத்தியம். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் கத்திக் கத்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு, மாலையில் இரண்டு மணி நேரமாவது வேறு யாராவது கத்த வேண்டும் என்று இருக்கும். அதற்காகவே முன்னறையில் பெரிய டிவி, சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், மூலையில் ஒரு சப்வூஃபர், எல்லாவற்றையும் ஓட்ட ஒரு ஏவி ரிசீவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தேன். மழைக்கு முன்னால் அந்த ரிசீவர் தோற்றுக்கொண்டே இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் வசனம் கரகரக்கும். இன்னும் கூட்டினால் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். கதாநாயகன் உயிர் போகிற நேரம் பார்த்து அணைவது அதற்கு வழக்கமாகிவிட்டது.

எங்கள் வீடு என்றால், தோட்டத்து இரட்டை வீட்டில் பாதி. முன்னாலிருந்து பின்வரை ஒரே நடுச்சுவர். அந்தப் பக்கத்தில் கொழுந்து பறிக்கப் போகும் ஓர் அக்காவும் அவருடைய மாமனாரும். பெரியவருக்குப் பாரிசவாதம் வந்து மூன்று வருடம். பின்னறையில் நடுச்சுவரை ஒட்டிய கட்டிலிலேயே கிடப்பார். வாய் குழறும். வலது கை மட்டும்தான் வேலை செய்யும். அக்கா காலையில் போகும்போது அந்தக் கையில் ஒரு கைத்தடியைக் கொடுத்து, கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போவார். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் நடுச்சுவரில் மூன்று தட்டு தட்டுவார். வீட்டிலிருந்தால் நான் போய்ப் பார்க்க வேண்டும். அப்படித்தான் பேச்சு. நானே வாய்விட்டுச் சொன்ன வார்த்தை அது. இரண்டு வீட்டுக்கும் பின்னால் பத்தடி வெற்றுநிலம், அதற்குப் பிறகு மலை.

ரிசீவரை மாற்றத் தேவையில்லை, பவர் அம்ப்ளிஃபயர் தனியாகப் போட்டால் போதும் என்று வரக்காப்பொலையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் சொன்னார். ஜப்பானில் பாவித்துக் கழித்த சாமான்களை இறக்கி விற்பவர். ரிசீவரின் பின்புறத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதில் ஒரு வரிசைத் துளைகளைக் காட்டினார்.

"இது ப்ரீ-அவுட். இது ஈக்கிறதால நீங்க தப்பிச்சீங்க டீச்சர். மூளை வேல இது செய்யட்டும். முதுகு வேலய வேற ஆளுக்குக் குடுப்போம்."

ஐந்து ஸ்பீக்கரையும் ஒன்றாக ஓட்டும் பெரியது ஒன்றும் கடையில் இருந்தது. நான் அதன் மேலேயே கண்ணாக இருந்தேன். நானா விடவில்லை. பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு ரிசீவரே போதும், கஷ்டப்படுவது முன்னால் இருக்கும் மூன்றும்தான், அதிலும் வசனம் முழுக்க நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது என்றார். இடது வலதுக்கு ஒன்று, நடுவுக்கென்று தனியாக ஒன்று, இரண்டு பெட்டி என்று முடிவானது. ஜப்பான் சாமானுக்கு நூறு வோல்ட்தான் என்பதால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்றையும் தலையில் கட்டினார். அம்ப்ளிஃபயர்களின் முகப்பில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழே இல்லை. ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு வெளிச்சம், அவ்வளவுதான். அது ஏனோ எனக்குப் பிடித்திருந்தது.

"வீட்டுக்குப் பின்னுக்கு என்ன ஈக்கி?" என்று கேட்டார்.

"மலை."

"அப்ப பாஸ் சத்தம் நல்லா நிக்கும்."

பெட்டிகளை என் கணவர் தன் திரீவீலரில் ஏற்றி வந்தார். அரிசி மூட்டை மாதிரிக் கனத்தன. அன்று மாலை மழை கொட்டியது. நான் படத்தைப் போட்டேன். தகரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று காதில் விழுந்தது. ஒரு குதிரைக் கூட்டம் ஓடியபோது தரை அதிர்ந்து, அலுமாரியில் பீங்கான்கள் கலகலத்தன. மழையை ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தட்டல் அடுத்த நாள் வந்தது. போய்ப் பார்த்தேன். பெரியவர் தடியால் தரையைக் காட்டினார், சுவரைக் காட்டினார், குழறிக் குழறி ஏதோ சொன்னார். சத்தத்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "சரிங்க, கொறைக்கிறேன்" என்று வந்து குறைத்தேன். மறுநாளும் தட்டினார். அதற்கு மறுநாளும். நான்காவது நாள் நான் போகவில்லை. எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். ஒரு மனுஷி உழைத்துக் களைத்து வந்து ஒரு படம் பார்க்கக் கூடாதா? தட்டல் கேட்டதும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி கூட்டினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"டீச்சர், செட்ட கொஞ்சம் கொறைங்க. மாமாவுக்குக் கட்டில் ஆடுதாம். பாவம், மனுசன் தூங்கவே மாட்றாரு. செவுத்துலயும் வெடிப்பு வந்திருச்சு, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே ஒரு வெடிப்பு, விரல் நுழையவில்லை, நகம் நுழைந்தது. பழைய வீட்டில் வெடிப்பு வராதா என்றேன்.

"நீங்க அந்தப் பொட்டிய கொண்டாந்த பொறகுதான் வந்துச்சு. செவ்வாக்கெழம காலையிலகூட பத்து மணிக்குப் போட்டிருக்கீங்க. கட்டில் ஆடுச்சுன்னு மாமா கையால காட்டினாரு."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் ஐந்தாம் வகுப்பில் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்" என்று நடுவாசலில் நின்று சொன்னேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. வாக்குவாதத்தில் ஜெயித்தது நான்தான், சந்தேகமில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம் அந்தக் கட்டிலை ஆட்டியது எது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

என் கணவர் அதிகம் பேசாதவர். அந்த வாரம் இரண்டு விஷயம் சொன்னார். பின்கதவு மூட மாட்டேன் என்கிறது, சீவ வேண்டும். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் சிவப்பாக வருகிறது. கதவு மழைக்கு ஊறியிருக்கும் என்றேன். மேலே எங்கேயோ மண் வெட்டுகிறார்கள் போலிருக்கிறது என்றேன். மண்சரிவு எச்சரிக்கை ஃபோனில் வந்திருந்தது. அது வருடா வருடம் வருவதுதான் என்று அதையும் தள்ளிவிட்டேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அக்கா மழைச்சாக்கைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போயிருந்தார். பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்துவர என் கணவர் திரீவீலரை எடுத்துக்கொண்டு பாதை வளையும் முடக்குவரை போயிருந்தார். நான் முன்னறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும்.

நடுச்சுவரில் தட்டல் கேட்டது. மூன்று தட்டு.

எரிச்சல் சுர்ரென்று ஏறியது. கை தானாக ரிமோட்டுக்குப் போனது. எடுத்து நீட்டியும் விட்டேன். எதிரே இரண்டு பெட்டிகளும் இருட்டாக இருந்தன. சிவப்பு வெளிச்சம் இல்லை. டிவியில் என் முகம்தான் தெரிந்தது. காலையிலிருந்து என் வீட்டில் ஒரு சத்தமும் போடப்படவில்லை. மறுபடியும் மூன்று தட்டு. அலுமாரியில் பீங்கான்கள் கலகலத்தன.

ரிமோட்டைக் கீழே போட்டேன். மழையில் ஓடினேன். அக்காவின் வீட்டுக் கதவு சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. தோளால் மூன்று முறை இடித்த பிறகுதான் திறந்தது. பெரியவர் தடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தார். நகம் நுழைந்த வெடிப்பில் இப்போது என் கையே நுழையும். நானும் கையை வைத்தேன். சுவருக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, நிற்காமல், அடியிலிருந்து. என் வீட்டுக் குதிரைகளை விட அது மெதுவாக இருந்தது.

அவரைத் தூக்க என்னால் முடியவில்லை. படுக்கை விரிப்போடு கீழே இறக்கி, விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். வாசற்படியில் அவர் தலை இடித்துவிடுமோ என்று என் காலைக் கொடுத்தேன். முற்றத்து மழையில் அவரை இழுத்துக்கொண்டே என் கணவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். மழையில் ஒன்றும் கேட்டிருக்காது, ஆனால் அவர் முடக்கிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். இருவருமாகப் பெரியவரைத் திரீவீலரின் பின்சீட்டில் கிடத்தினோம். பாலத்தைத் தாண்டும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். நான் பார்த்தேன்.

மலை முழுதாக வரவில்லை. இரண்டு வீட்டுப் பின்னறைகளையும் நிரப்பிவிட்டு நின்றுவிட்டது. பெரியவரின் கட்டில் இருந்த இடத்தில் கூரை உயரத்துக்கு மண். என் முன்னறை அப்படியே இருந்தது. அம்ப்ளிஃபயர்களில் ஒரு கீறல்கூட இல்லை. என் கணவர் பிறகு போய் எடுத்து வந்தார். பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் தார்ப்பாயால் மூடிக் கிடக்கின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இப்போது நாங்கள் எல்லோரும் நான் பாடம் நடத்திய அதே பள்ளிக்கூட மண்டபத்தில்தான் பாய் போட்டுப் படுத்திருக்கிறோம். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாமாகிட்ட கேளுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். கேட்டேன். பெரியவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல முடியாது என்பதாலா, சொல்ல ஒன்றுமில்லை என்பதாலா, எனக்குத் தெரியாது.

தண்ணீர் வேண்டுமென்றால் இன்னும் தட்டுகிறார், சிமெந்துத் தரையில், விரல் முட்டியால். அந்த நேரத்தில் மண்டபமே பேச்சை நிறுத்திவிடும். குழந்தைகள்கூட. நான்தான் முதலில் எழுந்து ஓடுவேன். நேற்று மத்தியானம் தட்டினார். தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு உள்ளங்கையை மறுபடி தரையில் விரித்து வைத்துக்கொண்டார். இருட்டும்வரை அவர் அதை எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் மலைதான்.