முதலாளிக்கும் அதே பூட்டு

ஆபீசில் அவளுக்குப் பூட்டு அக்கா என்று பெயர். போனில் பேசும்போது வெறும் அக்கா. அவள் போனை வைத்த பிறகுதான் முன்னால் பூட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும். வீட்டை விட்டு இறங்கினால் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து இன்னொருமுறை இழுத்துப் பார்க்கிற பிறவி. கேஸை மூடினோமா என்ற சந்தேகத்திலேயே அவளுக்குச் சாப்பாடு ஆறிப்போகும். இப்படி ஒருத்தியிடம் சர்வரை ஒப்படைத்த முதலாளி ஆளைத் தெரிந்துதான் ஒப்படைத்தாரா, குருட்டாம்போக்கில் செய்தாரா என்று யாருக்கும் தெரியாது.

லிஃப்ட்களுக்கு மூளை செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி அது. எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவை எப்போது திறக்க வேண்டும் என்று லிஃப்டுக்குச் சொல்லும் புரோகிராம்களை எழுதுவார்கள். எழுதியதெல்லாம் ஒரே சர்வரில் சேரும். எந்த வரி எப்போது மாறியது, மாறுவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பதெல்லாம் அதில் அழியாமல் இருக்கும். புதியது சொதப்பினால் பழையதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த சர்வரைக் காப்பது அவள் வேலை. அதை வீட்டிலிருந்தே செய்தாள்.

ஏன் வீட்டிலிருந்து என்று கேட்டவர்களுக்கெல்லாம் "தூரம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி வைத்திருந்தாள். உண்மை முன்னறையில் படுத்திருந்தது. வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவருக்கு ஒருநாள் காலையில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரை நேரத்துக்குத் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கட்டிலின் கால்மாட்டில் மேசையைப் போட்டு, ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை அவர் மேலும் வைத்துக்கொண்டு அவள் சம்பாதித்தாள். இதை ஆபீசில் சொல்லாததற்குக் காரணம் வீம்புதான், வேறொன்றுமில்லை. "ஐயோ பாவம்" என்று யாராவது சொன்னால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

சரி, சர்வருக்கு வருவோம். அதில் நுழைய எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு: முதலாளியின் முதல் ஸ்கூட்டர் நம்பர். புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திச் சொல்வார்கள். டீ கொண்டுவருகிறவருக்குக்கூட மனப்பாடம். வேலையை விட்டுப் போனவர்களும் அதைக் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். இது ஆபத்து, ஆபத்து என்று அவள் ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டுதான் இருந்தாள். யார் காதில் விழுந்தது?

பிறகு ஒருநாள் விழுந்தது. எவனோ வெளியிலிருந்து அதே பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு அறையாகப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். எதையும் மாற்றவில்லை. ஆனால் மாற்றியிருக்கலாம். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் கதவு திறந்துகொண்டால் என்ன ஆகும்? எல்லாரும் ஒரே பெயரில் நுழைகிற இடத்தில் வந்தது யார் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

மறுநாள் எல்லாரும் திரையில் கூடினார்கள். முதலாளியின் மச்சான்தான் மேனேஜர். அவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்.

"வெளியில இருந்து வர்ற வழியையே அடைச்சிடலாம் மாமா. வேலை செய்யறவங்க ஆபீசுக்கு வந்து செய்யட்டும்."

வழியை அடைத்தால் அவள் வேலை போயிற்று. வேலை போனால் கட்டிலில் கிடப்பவருக்கு மருந்து இல்லை. இதைச் சொல்லாமல் வேறு எதையோ சொல்ல வேண்டியிருந்தது.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா ஆயிடும் சார். வழி திறந்தே இருக்கட்டும். அதைப் பத்திரமாக்கிக் காட்டறேன்."

மச்சான் சிரித்தார். "காட்டுங்க. ஆனா நான் ஆள் விட்டுச் சோதிப்பேன். எப்போ, எப்படின்னு சொல்லமாட்டேன். ஒருத்தன் உள்ள வந்துட்டாலும் அன்னைக்கே அடைப்பு."

அவள் வேலையில் இறங்கினாள். ஸ்கூட்டர் நம்பரைத் தூக்கி எறிந்தாள். ஆளுக்கொரு சாவி, அது அவரவர் லேப்டாப்பை விட்டு வெளியே போகாது. சாவியைப் போட்ட பிறகு அவரவர் போனில் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு எண்ணையும் தட்ட வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களுக்குச் சாவியே கிடையாது. பூட்டை மாற்றுகிறபோது தன்னையே வெளியில் வைத்துப் பூட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். அதனால் திரையில் சர்வருக்குள் ஏற்கெனவே நுழைந்திருந்த ஜன்னலை மூடாமல், புதிதாக இன்னொரு ஜன்னலைத் திறந்து, அதன் வழியாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்தாள். முடிந்தது. நம்பிக்கை வராமல் மறுபடியும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் பழைய ஜன்னலை மூடினாள்.

கடைசியாக ஒரு விதியையும் எழுதினாள்: போன் தொலைந்தால், அவள் நேரில் முகத்தைப் பார்த்த பிறகுதான் புதுப் போனைப் பதிவு செய்வாள். குரலை நம்ப முடியாத காலம், வீடியோவையும் நம்ப முடியாத காலம். முதலாளி அதில் கையெழுத்துப் போட்டு, "எனக்கும் சேர்த்துத்தான்" என்று பெருமையாகச் சொன்னார். சொல்வதில் என்ன செலவு?

அப்புறம் காத்திருப்பு தொடங்கியது. பூட்டுகிறவரைக்கும் கையில் வேலை இருந்தது. பூட்டிய பிறகு பயம் மட்டுமே இருந்தது. போன் அடித்தால் மச்சானின் ஆளோ என்று நெஞ்சு திக்கென்றது. அடிக்காவிட்டால் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டானோ என்று பதறினாள். ஆபீசில் கண்ணாடிக்காரர் என்று ஒருவர். அவரை யாரோ கூப்பிட்டு, "புது டெஸ்டிங் ஆள் பேசறேன், உங்க போன்ல வந்த எண்ணைக் கொஞ்சம் படிங்க" என்றிருக்கிறான். அந்தப் புண்ணியவான் பாதி எண்ணைப் படித்துவிட்டு, ஏதோ தோன்றி நிறுத்தியிருக்கிறார். கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம், கணவரின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து அவரைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். தோளால் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாம்மா பேசறேன். என் போன் தொலைஞ்சுபோச்சு. வேற ஒருத்தர் போன்ல கூப்பிடறேன். நீ எழுதின விதிக்குக் கீழ உன் நம்பர் இருந்துச்சு, லேப்டாப்புல பாத்தேன்." முதலாளியின் குரல், அச்சு அசலாக. "புதுக் கட்டடத்துல நிக்கறேன். கதவு சொல்பேச்சுக் கேட்க மாட்டேங்குது. பழைய புரோகிராமை எடுத்துப் போடணும். எனக்கு மட்டும் போன்ல வர்ற அந்த எண்ணைக் கேக்கறதை நிறுத்தி வை. லிஃப்டை வாங்கறவங்க எதிர்லயே நிக்கறாங்க."

அவள் கணவரை மெல்லத் தலையணையில் சாய்த்தாள். அவராக இருந்தால், மறுத்தால் தொலைந்தாள். மச்சான் அனுப்பிய ஆளாக இருந்தால், திறந்தால் தொலைந்தாள். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் பள்ளம். லேப்டாப்பை இழுத்து நாலைந்து சொற்களைத் தட்டினாள்.

"போன் தொலைஞ்சதுன்னு சொன்னீங்கல்ல சார், உங்க வழியை இப்பத்தான் அடைச்சேன். எடுத்தவன் கையில போயிடக்கூடாதுல்ல."

"என்னது? என் கம்பெனியில என்னையே வெளிய தள்ளிட்டியா?"

"நேர்ல முகத்தைக் காட்டினாத்தான் சார். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சரி, நீயே அதை எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பு."

"தெரியாத நம்பருக்கு அனுப்பறதும் கதவைத் திறக்கறதும் ஒண்ணுதான் சார்."

"என் குரல் தெரியலையா உனக்கு?"

"குரல் உங்களுது மாதிரிதான் சார் இருக்கு."

அந்த "மாதிரி"யில் அவருக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்போ ஆபீசுக்கு வா. இப்பவே. அங்க வெச்சு என் மூஞ்சியைப் பாத்துக்கோ."

இங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். விதியை எழுதியபோது அடுத்தவர் போன் தொலைவதைத்தான் நினைத்தாளே தவிர, போய்ப் பார்க்கத் தன்னால் முடியாதே என்பதை நினைக்கவில்லை. பார்த்துக்கொள்ள வருகிற அம்மாள் சாயங்காலம்தான் வருவாள். அதுவரை இவரை விட்டுவிட்டு எங்கே போவது?

"நீங்க எங்க வீட்டுக்கு வாங்க சார்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அவர் வருகிற வரைக்கும் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. போர்வையை இழுத்து விட்டாள். மருந்துப் பாட்டில்களைத் துணிக்குப் பின்னால் தள்ளினாள். கட்டிலை எதற்குப் பின்னால் தள்ளுவது? "யாரோ வராங்க" என்று கணவரிடம் சொன்னாள். பேச்சில் அவருக்கு மிஞ்சியிருந்தது "சரி" மட்டும்தான். "சரி" என்றார்.

படியில் தடதடவென்று சத்தம். முதலாளி தோளில் லேப்டாப் பையோடு, கையில் புதுப் போன் பெட்டியோடு, வியர்வையோடு, வாசலிலேயே ஆரம்பித்தார். "பாரு, நல்லாப் பாரு, இதான் என் மூஞ்சி! அங்க என் மானம் கப்பலேறிட்டு இருக்கு..." அதற்குள் கட்டில் கண்ணில் பட்டது. கால்மாட்டில் இருந்த மேசையும், அதன் மேல் திறந்திருந்த லேப்டாப்பும் பட்டன. மீதி வார்த்தைகள் வாய்க்குள்ளேயே நின்றுபோயின.

உட்கார வேறு இடமில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் புதுப் போனை வாங்கினாள். பழைய போனை நீக்கி, புதியதைச் சேர்த்து, "உங்க லேப்டாப்ல இருந்து நுழைஞ்சு பாருங்க சார்" என்றாள். அவர் நுழைந்தார், வேண்டியதை எடுத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"நான் உங்ககிட்ட வேலைக்குச் சேர்றதுக்கு முன்னால இருந்தே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? வழியை அடைக்கிற பேச்சையே எடுத்திருக்க மாட்டோமே."

"பாவம் பாத்துத் திறந்து வெச்சிருப்பீங்க சார். அது எத்தனை நாளைக்கு ஓடும்? உங்களுக்கு அலுத்துப்போற அன்னைக்கு மூடிடுவீங்க. பத்திரமா இருக்குன்னு திறந்து வெச்சாத்தான் நான் தூங்க முடியும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே புதுப் போனில் மச்சானைக் கூப்பிட்டார். மச்சானின் நம்பர் அவருக்கு மனப்பாடமாக இல்லை. அவளிடம்தான் கேட்டு வாங்கினார்.

"டேய், ஆள் விட்டுச் சோதிக்கிறேன்னியே, அதை நிறுத்து. வேணாம். நானே போய் முட்டிப் பாத்துட்டேன். கெஞ்சினேன், கத்தினேன். திறக்கலடா."

மறுமுனையில் மச்சான் ஏதோ கேட்டார். முதலாளி எழுந்து, கட்டிலில் இருந்தவரின் நலிந்த கையை ஒருமுறை தொட்டுவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக் கதவுகூட இவ்வளவு பத்திரமா இல்ல. வழி அப்படியே இருக்கட்டும்."

அவர் படியிறங்கிப் போகும்வரை அவள் நின்றபடியே இருந்தாள். பிறகு கணவரின் தோளில் முகத்தை வைத்து, இத்தனை நாளாய் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.