சீமை உரத்துச் சோறும் எங்கள் அப்பாவும்

“…அப்ப நீ வயல்ல தூவுன அந்தச் சீமை உப்புல விளைஞ்ச சோத்தையா மாப்ள எனக்கே போட்டுருக்கே?” என்று பந்தியில் உட்கார்ந்தபடி கேட்டார், பரவையிலிருந்து சீரோடு வந்திருந்த எங்கள் பெரிய மாமா. அன்று என் தங்கைக்குக் காதுகுத்து. தாய்மாமன் இலையை விட்டு எழுந்தால் பந்தியே எழுந்துவிடும். விசேஷம் அதோடு சரி.

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. திருவாதவூரில் பிறந்து, சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, ஏர் பிடித்தே தம் தங்கைமாரைக் கரையேற்றியவர். எதையும் முதலில் தம் வயலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிறருக்குச் சொல்வார். சர்க்கார் டிப்போவில் உப்புப் போல வெள்ளையாக விற்ற உரத்தை எங்கள் ஊரில் முதலில் வாங்கியவர் அவரே.

“சாணி நாத்தமே இல்லையேண்ணே, இதுல என்னத்த விளையும்?” என்று சிரித்தார்கள். விளைந்தது. அப்போதும் எவரும் வாங்கவில்லை. அப்பா சும்மா கொடுத்த மூட்டைகள் அவரவர் மாட்டுக்கொட்டத்தில் கட்டிதட்டிக் கிடந்தன. விளைகிறது சரி, தின்னலாமா என்பதுதான் எல்லாருக்கும் பயம்.

விருந்துக்குப் பழைய அரிசியே போதும் என்று அம்மா கெஞ்சினார். “நம்ம பிள்ளைக திங்கிறதுதான் வாரவுகளுக்கும். கேட்டா மறைக்க மாட்டேன்” என்றார் அப்பா. மாமா கேட்டார், அப்பா மறைக்கவில்லை.

“ஆமா மச்சான். தையிலருந்து வீட்டுல இந்தச் சோறுதான். வேணாமுன்னா பழைய அரிசியும் கொஞ்சம் வடிச்சிருக்கு, கொண்டாரச் சொல்றேன்.”

மாமா இலையைப் பார்த்தார். கறிக்குழம்பு சோற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. காது வலியை மறந்து, அவர் மடியில் இருந்தபடியே அந்த இலையிலிருந்து அள்ளித் தின்றுகொண்டிருந்தாள் தங்கை.

“அடியே, எம்புட்டுத் திம்பே! மாமனுக்கும் மிச்சம் வையி” என்று சோற்றில் கை வைத்தார். மறுசோறும் கேட்டார்.

ஆரப்பாளையத்தில் என் வீட்டில் அப்பா படுக்கையில் இருந்த கடைசி நாட்களில் வந்து பார்த்து, முகம் துடைத்து, பழங்கதை பேசிச் சிரிக்கவைத்த அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறோம். உங்களில் பலர் அந்தப் பந்தியில் இருந்தவர்கள். இன்று உங்கள் வயலிலும் அந்த உரம் விழுகிறதென்றால், அன்று மாலை மாமா செய்த காரியமே காரணம்.

“எனக்கு ரெண்டு மூட்டை குடு மாப்ள.”

“சும்மாவே ஏத்திக்கிட்டுப் போங்க மச்சான்.”

“சும்மா வந்தா அதுவும் கொட்டத்துலதான் தூங்கும். காசு குடுத்தாத்தான் எனக்கு வயல்மேல கண்ணு இருக்கும்.”

இடுப்பு முடிச்சை அவிழ்த்து அப்பாவின் கையில் பணத்தைத் திணித்தார். பிறகு, ஊரே பார்க்க, வண்டியில் அந்த மூட்டைகளின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு பரவைக்குக் கிளம்பினார்.