கழுத்துக்குள் ஓர் ஏலம்

காய்கறிச் சந்தையில் தக்காளி ஏலம் விடுகிறவருக்கு மைக் கிடையாது. தேவையும் இல்லை. அவர் "ஒருதரம்" என்றால் எதிர்த்தெருவில் தூங்குகிறவன் எழுந்து விலை கேட்பான். வீட்டில் அதே மனிதர் உப்பு கேட்பதற்கும் மனைவியின் முகம் பார்ப்பார். அது வேறு கதை.

அவருக்கு மூன்றாவது முறையாகச் சிறுநீரகக் கல். எலும்பெல்லாம் குடைச்சல். ரத்தத்தில் கால்சியம் பன்னிரண்டு. பத்தரையைத் தாண்டக் கூடாதாம். மனைவியின் தம்பி சகலமும் அறிந்தவர். "பாலை நிறுத்துங்க மாமா" என்று தீர்ப்பளித்தார்.

பால் போயிற்று. தயிர் போயிற்று. கால்சியம் மட்டும் பன்னிரண்டரைக்கு ஏறியது!

"திருட்டுத்தனமா குடிக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"சத்தியமா இல்லடி! வேணும்னா பூனையைக் கேளு."

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "வாய் மேல தப்பில்லம்மா, கழுத்துலதான். தைராய்டுக்குப் பின்னாடி அரிசி மணி மாதிரி நாலு சுரப்பி இருக்கு. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா ஹார்மோன் சுரந்து எலும்புலேர்ந்து எடுத்துவிடும். போதும்னா நிறுத்திடும். இவருக்கு அதுல ஒண்ணு பெருத்துப்போய் நிறுத்தவே மாட்டேங்குது."

"அடப்பாவி! என் கழுத்துல உக்காந்துக்கிட்டு என் எலும்பையே ஏலம் விட்டிருக்கானே!"

"எடுத்துடலாம். ஆனா பக்கத்துலயே குரல் நரம்பு ஓடுது. அபூர்வமாத்தான், ஆனா குரல் கம்மிப்போகவும் வாய்ப்பிருக்கு."

வீட்டுக்கு வெளியே முதல் முறையாக அவர் மெல்லப் பேசினார். "அப்புறம் தக்காளியைச் சைகையிலயா விக்கிறது?"

"நான் வேணா ஏலம் விடறேன் மாமா" என்றார் மச்சினர். அந்தக் குரலில் தெரிந்த ஆசையைக் கண்டதும் ஏலக்காரர் ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்: குரலோடு திரும்பி வந்தே தீருவது!

சுரப்பியை எடுத்தாயிற்று. மயக்கம் தெளிந்தும் அவர் வாய் திறக்கவில்லை. பேசிப் பார்த்து வராவிட்டால்? யார் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். மச்சினர் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மறுநாள் காலை நர்ஸ் ரிப்போர்ட்டோடு வந்தார். "கால்சியம் நேத்து சாயங்காலம் பதினொண்ணரை. ராத்திரி பத்தரை. இப்போ ஒன்பதரை!"

இறங்குகிறது! விலை இறங்கி அவர் மகிழ்ந்ததே இல்லை. தொண்டை பரபரத்தது. இதற்கு மேல் எந்த ஏலக்காரனால் சும்மா இருக்க முடியும்?

"ஒருதரம்..." கரகரவென்று வந்தது.

"ரெண்டுதரம்!" மச்சினர் நாற்காலியோடு பின்வாங்கினார்.

"மூணுதரம்!"

அடுத்த அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "எவ்வளவுக்குப் போச்சுங்க?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினாள். பறிகொடுத்த எலும்புக்கு, டாக்டரம்மா உத்தரவுப்படி, முழு டம்ளர் பால்.